வாசலுக்கு எத்தனை நிமிடம்? தீம் பார்க் பயணத்தில் ஓட்டலைத் தேர்ந்தெடுப்பது

இரவு பத்து மணி. வாணவேடிக்கை முடிந்துவிட்டது. பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் ஒரே வாசலை நோக்கி நகர்கிறார்கள். தோளில் ஒரு குழந்தை தூங்குகிறது, இன்னொன்று அழுகிறது, பாட்டிக்கு முழங்கால் வலி தொடங்கி இரண்டு மணி நேரமாகிறது. இப்போது படுக்கை பத்து நிமிட நடையில் இருக்கிறதா, அல்லது படகு, டிராம், கார், நெடுஞ்சாலை என்று ஒரு மணி நேரத்துக்கு அப்பால் இருக்கிறதா? தீம் பார்க் பயணத்துக்கு ஓட்டல் தேடும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான். வாடகையைப் பற்றிய கணக்கு இதற்குப் பிறகே தொடங்க வேண்டும்.

பூங்கா நிறுவனத்தின் வளாகத்துக்குள் இருக்கும் ஓட்டலை வளாக ஓட்டல் என்றும், மற்றதை வெளி ஓட்டல் என்றும் வைத்துக்கொள்வோம். பயண ஆலோசனைகள் பலவும் முன்னது வசதி, பின்னது சிக்கனம் என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகின்றன. ஆனால் இந்தப் பிரிவினை நிலம் யாருடையது என்பதைச் சொல்கிறதே தவிர, வாசல் எவ்வளவு தொலைவில் என்பதைச் சொல்வதில்லை. இரண்டும் ஒன்றல்ல என்பது புரிய, இந்த ஓட்டல்கள் எப்படி உருவாயின என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டபோது வால்ட் டிஸ்னியிடம் இருந்தது சுமார் 160 ஏக்கர் நிலம். பூங்காவைக் கட்டுவதிலேயே பணம் கரைந்துவிட்டது. ஓட்டல் கட்ட எதுவும் மிஞ்சவில்லை. தொலைக்காட்சித் தயாரிப்பாளரான ஜாக் ராதர் முன்வந்து, அதே ஆண்டு அக்டோபரில் டிஸ்னிலேண்ட் ஓட்டலைத் திறந்தார். பெயர் டிஸ்னியுடையது, சொத்து ராதருடையது. 1961-ல் பூங்காவின் மோனோரயில் (ஒற்றைத் தண்டவாள ரயில்) அந்த ஓட்டல் வரை நீட்டிக்கப்பட்டது. அதன் பிறகும் ஓட்டல் டிஸ்னி நிறுவனத்தின் கைக்கு வர 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்குள் பூங்காவை ஒட்டிய ஹார்பர் பொலிவார்ட் சாலை நெடுக மோட்டல்கள் முளைத்திருந்தன. கூட்டத்தை வரவழைத்தது பூங்கா. தங்கும் செலவை வாங்கிக்கொண்டது எதிர்ப்புறச் சாலை.

அந்தச் சாலையின் பயன் இன்றும் பயணிக்குக் கிடைக்கிறது. அனஹைமில் ஹார்பர் பொலிவார்டின் எதிர்ப்பக்கம் உள்ள சில வெளி ஓட்டல்களிலிருந்து சாலையைக் கடந்தால் ஐந்து பத்து நிமிடத்தில் பூங்கா வாசல். டிஸ்னியின் சொந்த ஓட்டல்கள் சிலவற்றிலிருந்து நடப்பதைவிட இது குறைவான தூரம். அங்குள்ள டிஸ்னியின் இரண்டாவது பூங்காவான கலிபோர்னியா அட்வென்ச்சருக்குள் நேரடியாக நுழையத் தனி வாசல் வைத்திருக்கும் கிராண்ட் கலிபோர்னியன் ஓட்டலை விட்டுவிட்டுப் பார்த்தால், அந்த ஊரில் வளாக ஓட்டலுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

புளோரிடாவின் ஒர்லாண்டோ பகுதியில் நிலைமை தலைகீழ். அனஹைம் அனுபவம் கற்றுத்தந்த பாடத்தால் டிஸ்னி நிறுவனம் தன் பெயரை வெளியிடாமல், வெவ்வேறு பெயர்களில் நிறுவனங்களைப் பதிவு செய்து, 27,000 ஏக்கருக்கும் மேல் வாங்கிச் சேர்த்தது. 1965-ல்தான் வாங்கியவர் யார் என்பது உலகுக்குத் தெரிந்தது. ஏறக்குறைய சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் பரப்பு. 1971 அக்டோபர் 1 அன்று அங்கே முதல் பூங்காவான மேஜிக் கிங்டம் திறந்தபோது கன்டெம்பரரி, பாலினேசியன் என்ற இரண்டு ஓட்டல்களும் உடன் திறந்தன. கன்டெம்பரரியின் நடுவில் மோனோரயில் புகுந்து செல்கிறது. ஓட்டலும் பூங்காவும் ஒரே திட்டத்தின் இரண்டு பகுதிகள் என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. இன்று அந்த நிலத்தில் டிஸ்னி ஓட்டல்கள் மட்டும் 25-க்கும் மேல்.

இவ்வளவு பெரிய நிலத்தில் 'வளாகத்துக்குள்' என்ற சொல் தனியாக நின்றால் பொருளற்றது. கன்டெம்பரரியிலிருந்து மேஜிக் கிங்டம் வாசலுக்குப் பத்து நிமிடம் நடந்தால் போதும். அதே நிலத்தின் இன்னொரு பூங்காவான அனிமல் கிங்டம் பக்கம் இருக்கும் ஆல் ஸ்டார் ஓட்டல்களும் வளாகத்துக்குள்தான் இருக்கின்றன; அங்கிருந்து அதே வாசலுக்கு வரப் பஸ்ஸுக்குக் காத்திருந்து, பஸ்ஸில் பயணம் செய்ய வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர்ப்பலகை, ஒரே சலுகைப் பட்டியலின் பெரும்பகுதி, வாடகையில் மட்டும் பல மடங்கு வித்தியாசம். எல்லைக்கோடும் அவ்வளவு தெளிவாக இல்லை. 1990-ல் திறந்த ஸ்வான், டால்பின் ஓட்டல்கள் டிஸ்னி நிலத்தில் நிற்கின்றன, ஆனால் நடத்துவது வேறு நிறுவனம். அவற்றில் தங்குபவர்களுக்கும் பூங்கா திறக்கும் நேரத்துக்கு முன்பே நுழைய அனுமதி உண்டு. எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ் என்ற மற்ற இரண்டு பூங்காக்களுக்கும் நடந்தே போகலாம். ஆனால் டிஸ்னியின் சொந்த ஓட்டல்களில் இல்லாத ரிசார்ட் கட்டணம் (வாடகைக்கு மேல் கட்டாயமாக வாங்குவது) அங்கே உண்டு, வாகனம் நிறுத்தவும் காசு.

வளாக ஓட்டல் என்ற எண்ணத்தை அளவுக்கு மீறி நீட்டினால் என்ன ஆகும் என்பதற்குப் பாரிஸ் சாட்சி. 1992 ஏப்ரல் 12 அன்று அங்கே திறக்கப்பட்ட டிஸ்னி பூங்காவில் முதல் நாளிலேயே ஆறு ஓட்டல்கள், ஏறக்குறைய 5,200 அறைகள் தயாராக இருந்தன. தங்கும் செலவை இந்த முறை அடுத்தவருக்கு விட்டுக்கொடுப்பதில்லை என்ற முடிவு அதில் தெரிந்தது. ஆனால் அப்போது ஒரே ஒரு பூங்காதான் இருந்தது. ஓரிரு நாளில் பார்த்து முடித்துவிடலாம். பூங்கா வாசலிலிருந்து பாரிஸ் நகரத்துக்கு ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. மக்கள் பகலில் பூங்காவுக்கு வந்து, இரவில் நகரத்துக்குத் திரும்பினார்கள். அறைகள் காலியாகக் கிடந்தன. முதல் குளிர்காலத்திலேயே நியூபோர்ட் பே கிளப் ஓட்டலை மூடிவைக்க வேண்டியதாயிற்று. 1994-ல் கடன்களை மறுசீரமைக்கும் நிலைக்கு நிறுவனம் வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். கணக்குப் பார்க்கும் பயணிக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. பூங்காவில் செலவிடும் நாள் குறைவாகவும், நல்ல ரயில் அருகிலும் இருந்தால், வெளியே தங்குவது இழப்பே அல்ல. லட்சக்கணக்கானவர்கள் ஏற்கெனவே அப்படித்தான் முடிவெடுத்திருக்கிறார்கள்.

இனி சலுகைகள். வளாக ஓட்டல்கள் எதை விற்கின்றன என்று கேட்டால் நான் நேரம் என்றுதான் சொல்வேன். அலங்காரம், கதாபாத்திரங்கள் வரைந்த சுவர், நீச்சல் குளம் எல்லாம் சரி. பணத்துக்கு ஈடானது வரிசையில் நிற்காமல் தப்பிக்கும் மணித்துளிகள்.

வரிசை எப்படி வளர்கிறது என்று பாருங்கள். ஒரு சவாரி மணிக்கு 1,200 பேரை ஏற்றி இறக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வாசல் திறந்து முதல் அரை மணியில் 600 பேர்தான் அங்கே வந்து சேர்ந்தால் யாரும் அதிகம் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த ஒரு மணி நேரத்தில் 2,000 பேர் வந்தால், 800 பேர் தேங்குகிறார்கள். கடைசியில் நிற்பவருக்கு நாற்பது நிமிடக் காத்திருப்பு. பின்னர் வருகை அதே அளவில் நீடித்தால் தேக்கம் கூடிக்கொண்டே போகுமே தவிர, கரையாது. மாலை வரை அந்த வரிசை குறையாமல் நிற்பதன் ரகசியம் இதுதான். ஆகவே காலையின் முதல் அரை மணிக்கும் மதியத்தின் அரை மணிக்கும் மதிப்பு ஒன்றல்ல. காலையில் அரை மணி முந்திக்கொண்டவர் இரண்டு பெரிய சவாரிகளை முடித்திருப்பார். அதே இரண்டுக்கு மதியம் இரண்டு மணி நேரம் ஆகலாம்.

புளோரிடா டிஸ்னி ஓட்டல்களில் தங்குபவர்களுக்கு 2021 அக்டோபர் முதல் நான்கு பூங்காக்களிலும் தினமும் அரை மணி முன்னதாக அனுமதி தரப்படுகிறது. அதே பகுதியில் உள்ள போட்டி நிறுவனமான யுனிவர்சல் ஒர்லாண்டோவின் சொந்த ஓட்டல்களிலும், டோக்கியோ, பாரிஸ் டிஸ்னி ஓட்டல்களிலும் இதேபோன்ற ஏற்பாடு வெவ்வேறு கால அளவில் உண்டு. டோக்கியோவில் அது பதினைந்து நிமிடம். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தால் அற்பமல்ல. ஆனால் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். 25-க்கும் மேற்பட்ட ஓட்டல்களின் விருந்தினர்கள் எல்லோரும் அதே அரை மணியைப் பங்கு போடுகிறார்கள். வாசலில் ஏற்கெனவே நிற்பவருக்குத்தான் பலன். எட்டரைக்குத் திறக்கும் வாசலுக்கு எட்டு நாற்பதுக்கு வருபவருக்குச் சலுகை இருந்தும் இல்லாததுபோல்தான். காலையில் எழும் பழக்கமே இல்லாத குடும்பம் இதற்காகப் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மாறாக, புளோரிடாவில் உயர்தர ஓட்டல் விருந்தினர்களுக்கு மட்டும் குறிப்பிட்ட சில இரவுகளில் தரப்படும் கூடுதல் இரண்டு மணி நேரம் குறைவானவர்களுக்கே உரியது என்பதால், அதன் பலன் உண்மையிலேயே பெரிது.

இன்னொன்று முன்பதிவு உரிமை. 2024 ஜூலையில் புளோரிடா டிஸ்னியில் அறிமுகமான கட்டண விரைவு வரிசை முறையில், வளாக ஓட்டலில் தங்குபவர்கள் ஏழு நாள் முன்னதாகவே தங்கும் காலம் முழுவதற்கும் நேரம் குறித்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு மூன்று நாள். நெரிசல் நிறைந்த விடுமுறை வாரத்தில் இந்த நான்கு நாள் இடைவெளிக்குள் நல்ல நேரங்கள் பறந்துவிடும். கூட்டமில்லாத வாரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

யுனிவர்சல் ஒர்லாண்டோ வேறு வழியில் போயிருக்கிறது. போர்டோபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிபிக் ஆகிய மூன்று ஓட்டல்களில் அறை எடுத்தால், அறையில் தங்கும் அனைவருக்கும் அதன் இரண்டு பழைய பூங்காக்களில் எல்லையற்ற விரைவு வரிசை அனுமதி இலவசமாகக் கிடைக்கிறது. வந்து சேரும் நாளுக்கும் கிளம்பும் நாளுக்கும் அது செல்லும். ஒரே ஒரு இரவு வாடகைக்கு இரண்டு நாள் விரைவு வரிசை! நான்கு பேர் கொண்ட குடும்பம் அதே அனுமதியைத் தனியாக இரண்டு நாளுக்கு வாங்கினால் அறை வாடகையைத் தாண்டிவிடும் நாட்கள் நெரிசல் காலத்தில் உண்டு. விலையுயர்ந்த ஓட்டல் சில நேரம் மலிவான தேர்வாகிவிடும் அபூர்வமான இடம் இது. ஆனால் 2025 மே 22 அன்று திறக்கப்பட்ட எபிக் யுனிவர்ஸ் பூங்காவுக்கு இந்த இலவச அனுமதி செல்லாது. புதிய பூங்காவுக்காகவே பயணம் போகிறவர் இந்தக் கணக்கை நம்பி அறை எடுத்தால் ஏமாற்றம்தான். அந்தப் பூங்காவுக்குள் சொந்த வாசல் வைத்திருப்பது ஹீலியோஸ் கிராண்ட் ஓட்டல்.

சலுகைகள் நிரந்தரமல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 2005 முதல் டிஸ்னி ஓட்டல் விருந்தினர்களை ஒர்லாண்டோ விமான நிலையத்திலிருந்து இலவசமாக அழைத்துவந்த பஸ் சேவை 2022 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. அதே ஓட்டல்களில் 2018-ல் இரவு வாகன நிறுத்தத்துக்குக் கட்டணம் புகுந்தது, 2023-ல் நீங்கியது. மூன்று ஆண்டுக்கு முன் போய் வந்த உறவினர் ஆர்வத்தோடு சொல்லும் அறிவுரை அன்றைக்குச் சரியாக இருந்திருக்கும்; இன்றைய சலுகைப் பட்டியலை நிறுவனத்தின் சொந்த அறிவிப்பில் ஒருமுறை பார்த்துவிட்டுப் பணம் கட்டுவதே பாதுகாப்பு.

தொலைவைப் பற்றி விளம்பரங்கள் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 'பூங்காவிலிருந்து பத்து நிமிடம்' என்றால் பெரும்பாலும் வாகன நிறுத்தம் வரை கார் ஓட்டும் நேரம். மேஜிக் கிங்டமை எடுத்துக்கொள்ளுங்கள். காரில் வருகிறவர்கள் ஏரிக்கு இந்தப்புறம் உள்ள போக்குவரத்து மையத்தில் வண்டியை விட்டுவிட்டு, படகிலோ மோனோரயிலிலோ ஏறித்தான் வாசலை அடைய முடியும். வளாக ஓட்டல்களின் பஸ்ஸோ வாசலருகே கொண்டுபோய் இறக்கிவிடும். வெளி ஓட்டல் தரும் இலவச பஸ்ஸும் அந்த மையத்தோடு நின்றுவிடுவது உண்டு; ஒரு நாளைக்குச் சில நடைகள் மட்டுமே ஓடுவதும் உண்டு. காலையில் வாசல் திறப்பதற்கு முன் முதல் நடை இருக்கிறதா, வாணவேடிக்கைக்குப் பிறகு கடைசி நடை இருக்கிறதா என்று ஓட்டலிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். கடைசி நடை ஒன்பது மணிக்கு என்று பதில் வந்தால், இலவச பஸ் என்ற சொல்லைக் கணக்கிலிருந்து அடித்துவிடலாம்.

அறைக் கதவிலிருந்து பூங்கா வாசல் வரை, லிப்ட், நடை, காத்திருப்பு, பயணம், பாதுகாப்புச் சோதனை எல்லாம் சேர்த்து எத்தனை நிமிடம்? ஒரு வெளி ஓட்டல் ஒவ்வொரு முறையும் நாற்பது நிமிடம் கூடுதலாகக் கேட்கிறது என்றால், நான்கு நாள் போக வர 320 நிமிடம், அதாவது ஐந்து மணி இருபது நிமிடம். ஏறக்குறைய அரை நாள் டிக்கெட். நுழைவு டிக்கெட்டின் விலையைப் பூங்காவில் கழிக்கும் மணிகளால் வகுத்து, குடும்பத்தின் தலைகளால் பெருக்கி, அதை 5.3-ஆல் பெருக்கிப் பாருங்கள். வெளி ஓட்டலில் மிச்சமாகும் வாடகை அதைவிட அதிகமாக இருந்தால் வெளியே தங்கலாம். குறைவாக இருந்தால் மிச்சம் என்று நினைத்தது மிச்சமே இல்லை.

இந்தக் கணக்கில் பிடிபடாத ஒன்று மதிய ஓய்வு. சிறு குழந்தைகளோ முதியவர்களோ இருக்கும் குடும்பத்துக்கு என் கருத்தில் மற்ற எல்லாச் சலுகைகளையும்விடப் பெரியது இதுதான். காலை எட்டு மணிக்குப் போய், பகல் ஒரு மணிக்கு அறைக்குத் திரும்பி, குளித்துத் தூங்கி, ஐந்து மணிக்கு மீண்டும் பூங்காவுக்குள் நுழையும் குடும்பம் வெயிலையும் நெரிசலையும் ஒருசேரத் தவிர்க்கிறது. நடை தூரத்தில் ஓட்டல் இருந்தால் இது இயல்பாக நடக்கும். ஒரு மணி நேரம் தள்ளி இருந்தால் யாரும் செய்ய மாட்டார்கள். 'இன்னும் கொஞ்சம் சமாளிப்போம்' என்று குழந்தையை இழுத்துக்கொண்டு நடப்பார்கள், நான்கு மணிக்கு அழுகை தொடங்கும். பெரியவர்களின் பொறுமையும் அங்கேதான் உடைகிறது. அந்த ஒரு மாலையைக் காப்பாற்றுவதற்காகக் கூடுதல் வாடகை கொடுப்பதை ஆடம்பரம் என்று யாரும் சொல்லக் கூடாது. பதின்வயதுப் பிள்ளைகளோ, காலை முதல் இரவு வரை நடக்கத் தயங்காத நண்பர்கள் குழுவோ என்றால் இந்த நியாயம் முழுவதும் உதிர்ந்துவிடுகிறது. அவர்களுக்கு அறை என்பது ஆறு மணி நேரத் தூக்கம் மட்டுமே.

வெளி ஓட்டல் தெளிவாக வெல்லும் இடங்களும் உண்டு. ஏழெட்டுப் பேர் சேர்ந்து போகும் பெரிய குடும்பத்துக்கு வளாகத்தில் இரண்டு அறை எடுக்கும் செலவில், வெளியே சமையலறையும் சலவை இயந்திரமும் உள்ள முழு வீடே கிடைக்கலாம். எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து மறுநாளைப் பற்றிப் பேசுவது தனித்தனி அறைகளில் கிடைக்காத சுகம். பிறகு, வெவ்வேறு நிறுவனங்களின் பூங்காக்களைச் சேர்த்துப் பார்க்கும் பயணம். ஒர்லாண்டோவில் டிஸ்னிக்கு மூன்று நாள், யுனிவர்சலுக்கு மூன்று நாள் என்றால், ஒரு வளாகத்தின் சலுகை அடுத்த வளாகத்தில் செல்லாக் காசு; பாதி நாட்களுக்குப் பயனில்லாத சலுகைக்கு முழு நாட்களும் பணம் கட்டுவீர்கள். இரண்டுக்கும் நடுவே தங்குவது அல்லது இரண்டு இடங்களில் பிரித்துத் தங்குவது இரண்டில் ஒன்றே பொருத்தம். பெட்டி கட்டுவது ஒரு வேலைதான் என்றாலும் பிரித்துத் தங்கவே நான் சொல்வேன். பூங்காவுக்கே போகாத ஓய்வு நாட்களை மலிவான வெளி ஓட்டலிலும், பூங்கா நாட்களை வளாகத்திலும் வைத்துக்கொள்ளலாம்.

வெளி ஓட்டலின் வாடகையை ஒப்பிடும்போது முகப்பில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள். ரிசார்ட் கட்டணம், ஓட்டலில் வாகன நிறுத்தம், பூங்காவில் வாகன நிறுத்தம், வரி எல்லாம் கடைசிப் பக்கத்தில்தான் வெளிவரும் என்பது நெடுங்கால வழக்கம். அமெரிக்காவில் கட்டாயக் கட்டணங்களையும் சேர்த்தே விலையைக் காட்ட வேண்டும் என்ற கூட்டாட்சி விதி 2025 மே 12 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இருந்தும் அரசு வரியும், விருப்பப்பட்டுப் பயன்படுத்தும் வாகன நிறுத்தமும் அந்த எண்ணுக்கு வெளியே இருக்கலாம். புளோரிடா டிஸ்னி ஓட்டல் விருந்தினர்களுக்குப் பூங்கா வாகன நிறுத்தம் இலவசம். வெளியிலிருந்து காரில் வருகிறவர் ஒவ்வொரு நாளும் அதற்குத் தனியாகக் கொடுக்கிறார். வாடகைக் காரின் செலவையும் சேர்த்தால் இரண்டு எண்களும் எதிர்பாராத அளவுக்கு நெருங்கிவிடும்.

இந்தக் கணக்குகள் பெரும்பாலும் ஒர்லாண்டோவின் பிரம்மாண்டத்திலிருந்து பிறந்தவை. உலகின் மற்ற பூங்காக்களுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. டோக்கியோவின் டிஸ்னிசீ பூங்காவுக்கு உள்ளேயே மிராகோஸ்டா ஓட்டல் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் பூங்கா. அதே வளாகத்தைச் சுற்றிவரும் மோனோரயிலில் டிஸ்னி ஓட்டல் விருந்தினரும் கட்டணம் கொடுத்துத்தான் ஏற வேண்டும். அந்த மோனோரயில் பாதையிலேயே வேறு நிறுவனங்கள் நடத்தும் ஓட்டல்களும் உள்ளன, பூங்காவுக்கு ரயில் வசதியும் சிறப்பானது. ஜெர்மனியின் ரஸ்ட் கிராமத்தில் 1975-ல் மாக் குடும்பம் தொடங்கிய ஐரோப்பா பார்க், தன் முதல் ஓட்டலை 1995-ல்தான் திறந்தது. அதுவரை வந்தவர்களில் பலரைத் தங்கவைத்தது கிராமத்துச் சிறு விடுதிகள். இன்றும் அவற்றில் பல நடை தூரத்தில் இருக்கின்றன. அங்கே வெளியே தங்குவது என்றால் நெடுஞ்சாலை ஓரம் அல்ல, பூங்காவை ஒட்டிய தெருவில் ஒரு வீட்டு மாடி.

முன்பதிவு செய்யும் முன் வரைபடத்தில் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். ஓட்டலின் பெயரிலிருந்து பூங்காவின் பெயருக்கு வழி தேடாமல், பூங்காவின் பாதசாரி நுழைவாயிலைக் கண்டுபிடித்து, அதுவரை நடக்கும் வழியைத் தேடுங்கள். காரின் நேரமும் நடையின் நேரமும் இரண்டும் தெரியட்டும். பிறகு இரவு பத்து மணிக்கு அந்த வழியில் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதாக ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.